ஆர்டித் நின்ற பக்கம்

"இந்தச் சபையை விட்டு விலகணும்கிறவங்க வலப்பக்கம் போங்க. இருக்கணும்கிறவங்க இடப்பக்கம். அவ்வளவுதான் விஷயம்" என்றார் ராய்ஸ்.

"சீட்டு எழுதிப் போடலாமே?" என்று கேட்டேன்.

"ஏன், கடவுளுக்குத் தெரியாம ஓட்டுப் போடப் போறீங்களா?"

சபை மூப்பர் ராய்ஸுக்குக் குரலும் பெரிது, கோபமும் பெரிது. இன்னோர் ஆணோடு குடும்பம் நடத்துகிற ஆண் ஒருவரைப் பேராயராக அபிஷேகம் செய்த நாளிலிருந்து அவர் தூங்கவில்லை. எங்களையும் தூங்க விடவில்லை. பென்சில்வேனியாவில் சுரங்கங்கள் மூடி ஊரே வேலையில்லாமல் நின்றபோதுகூட எங்கள் சபை ஒன்றாகத்தான் இருந்தது. அன்று ஆராதனை முடிந்த கையோடு இரண்டாகப் போகிறது.

நீல் முதல் ஆளாக இடப்பக்கம் போனான். கூடவே அவன் துணைவன் கஸ். இருவரும் பல வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். வசந்தம் வந்ததும் இதே பீடத்தின் முன்னால் அவர்கள் இணைவை ஆசீர்வதிக்க ஆயர் ஒப்புக்கொண்டிருந்தார். ராய்ஸின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் எல்லோரும் ஆர்டித்தைப் பார்த்தோம். நீலின் அம்மா. கணவன் போன பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டி மகனை ஆளாக்கியவள். ஞாயிறு தவறாமல் கஸ்ஸுக்கும் சேர்த்து மாட்டிறைச்சி வேகவைத்துப் போடுகிறவள். அவள் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

ஆர்டித் கைப்பையை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் நடந்தாள்.

"அம்மா, அந்தப் பக்கம் இல்ல" என்றான் நீல். தடுமாறிவிட்டாள் என்றே நினைத்தான்.

"தெரியும்ப்பா."

"நானும் கஸ்ஸும் சேர்ந்து வாழறது அருவருப்புங்கறாங்கம்மா அவங்க!"

"காதுல விழுந்துச்சு."

"அப்போ நீயும் அதைத்தான் சொல்றியா?"

அவள் வலப்பக்க பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வலப்பக்கத்தில் கை தட்டினார்கள். ஆலயத்துக்குள் கைதட்டல்!

விலகியவர்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். கட்டடம் எங்களுக்கு மிஞ்சியது. பாதிக்குப் பாதி பெஞ்சு காலி. பாடகர் குழுவில் ஆண் குரல் என்று நீல் ஒருத்தன்தான்.

வசந்தம் வந்தது. ஆசீர்வாத ஆராதனைக்கு முன்வரிசையில் அம்மாவுக்கென்று நீல் ஓர் இடம் விட்டு வைத்திருந்தான். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கஸ்தான், "ஆரம்பிச்சுடுங்க ஃபாதர்" என்றான்.

கோடையில் இருவரும் ஒரிகனுக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். நாட்டின் அந்தக் கோடிக்கு! சொல்லிக்கொள்ள வந்த நீலிடம், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போப்பா" என்றேன்.

"எந்த அம்மா?" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு நேரே கூடைப்பந்து அரங்குக்குப் போனேன். எங்கள் சமையலறையில் ஆர்டித் விட்டுப்போன கண்ணாடிப் பாத்திரம் ஒரு சாக்கு. அதைக் கையில் கொடுத்து, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதாக உத்தேசம்.

வாசலிலேயே ராய்ஸ் பிடித்துக்கொண்டார்.

"ஆர்டித்தைப் பார்க்கவா? தங்கமான மனுஷி! பெத்த புள்ளையா, சத்தியமான்னு வந்தப்போ ஒரு நிமிஷம் யோசிக்கலையே. எங்க பொண்ணு கொரினுக்கு ஞானஸ்நானத்துல ஞானத்தாயா நின்னவங்க இவங்கதான். ஞானத்தகப்பன் உங்க பக்கம் நின்னாரா, அவரை இப்போ வீட்டுப்பக்கமே சேர்க்கறதில்ல. இவங்களும் அங்கே நின்னிருந்தா அதே கதிதான். நல்லவேளை! வயசுப் பொண்ணு இப்படிப்பட்ட ஒருத்தர் கூடவே கிடந்தா எனக்கு என்ன கவலை?"

"உங்க பாக்கியம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஆர்டித் உடை மாற்றும் அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ அழுகிற சத்தம் கேட்டு நின்றேன். அழுதது ராய்ஸின் மகள் கொரின்.

"இன்னிக்கும் அப்பா அதையேதான் பேசினார். அந்த மாதிரி ஆளுங்க வீட்டுப்படி ஏறக் கூடாதாம். நானும் அந்த மாதிரிதான்னு தெரிஞ்சா..."

"அவருக்குத் தெரிய வராது. பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ கண்ணு. அப்புறம் நீ எங்க வேணா போகலாம்." ஆர்டித்தின் குரல்.

"நீல்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே நீங்க?"

"அவன் முன்கோபி. நேரா உங்கப்பாகிட்ட வந்து கத்துவான். அன்னிக்கே நீ தெருவுல நிப்ப."

"அவன் ஆசீர்வாதத்துக்குக்கூட நீங்க போகல. இப்போ ஊரை விட்டே போயிட்டான். எல்லாம் என்னாலதான்."

"உன்னைக் கையில ஏந்திக்கிட்டு, இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்புன்னு சபை முன்னாடி சொன்னது நீயா, நானா?"

"அதுக்காக சொந்தப் புள்ளையை விட்டுடுவாங்களா யாராவது?"

ஆர்டித் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவனுக்கு கஸ் இருக்கான்டி. இந்த இடத்துல உனக்கு யார் இருக்கா?"