காலையில் காட்டிய பச்சை

பொற்கலை எழுந்ததும் கையில் ஒரு சோதனைப் பட்டையை மாட்டிக்கொள்வாள். அது நரம்பைத் தூண்டி, தசை துடிப்பதை அளந்து, பச்சை விளக்கைக் காட்டும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பச்சை எரிந்தால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை.

ஆனால் மாலையானால் அவளுக்குச் சோறு மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடும். இமை சரியும், பேச்சு குழறும்.

"என்னால முடியலங்க."

"காலைல பச்சைதானே காட்டுச்சு? சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத," என்றான் கணவன் இசக்கிராஜ். ஏழு மாதம் இதையேதான் சொன்னான்.

ஒரு சாயங்காலம் தண்ணீரை விழுங்க முடியாமல் அவளுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானதும் மருத்துவர் ஒரே நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டினார். திரையில் முதல் அலை உயரமாக எழுந்தது. அடுத்து வந்தவை தாழ்ந்துகொண்டே போயின.

"மயஸ்தீனியா கிராவிஸ். வேலை செய்யச் செய்யத் தசை ஓயும், தூங்கி எழுந்தா தேறிடும். காலைல பட்டையில ஒரு தடவை பார்த்தா தெரியாது. இவங்க ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னா," என்றான் இசக்கிராஜ்.

மருந்தில் பொற்கலை ஓரளவு தேறினாள். ஒரு மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லாருக்கேன்."

சற்று நேரத்தில் அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு மும்தாஜிடம் அவள் பேசுவது உள்ளே கேட்டது.

"மத்தியானத்துல இருந்தே கையத் தூக்க முடியலக்கா."

இசக்கிராஜ் மிச்சத் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.