துரோகி வேஷம்

"காலையில ஊருல அப்பா தவறிட்டார்க்கா. நாடகத்தை நிறுத்த வேணாம்" என்றான் நரேன், மீசையை ஒட்டிக்கொண்டே.

பார்கவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பன் செத்துக் கிடக்கும்போது பவுடர் பூச ஒருத்தனுக்கு மனசு வருமா?

கடல் கடந்த டார்னெய்ட் ஊரில், தமிழ்ச் சங்க ஆண்டு விழா. காட்டைப் பிடுங்க வந்த வெள்ளைக்காரனை வில்லும் அம்புமாக எதிர்த்து நின்ற மலைவாசித் தலைவனின் கதை. நரேன் பிறந்த மலையில் நடந்தது. அவன் சொல்லித்தான் அவள் நாடகமாக்கினாள். தலைவன் வேஷம் கொடுத்தாள். "இல்லக்கா, அவரைக் காட்டிக்கொடுத்தவனாத்தான் நடிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"கிளம்பிப் போகாம இங்க என்னடா பண்றே?"

"இது முடியட்டும்க்கா."

"நீயெல்லாம் ஒரு பிள்ளையா?"

அவன் எழுந்து சபைப் பக்கம் இறங்கிப் போனான். முன்வரிசையில் ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டி, மேடையைப் பார்க்கத் திருப்பி வைத்தான். சாவு வீட்டுக்காரனுக்கு வீடியோ ஒரு கேடா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசிக் காட்சி. தலைவனைத் தூக்கில் போட்டாயிற்று. அவன் மனைவியாக நடித்த பார்கவி, துரோகியை அறைய வேண்டும்.

ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும், "நிஜமாவே அடிங்கக்கா" என்பான். அவள் சும்மா கையை வீசுவதோடு சரி.

இன்று விட்டாள் பார், ஓர் அறை!

ஒட்டு மீசை தெறித்து விழுந்தது. நரேன் சபையைப் பார்த்து மண்டியிட்டான். வசனத்தில் இல்லாததைச் சொன்னான். "காட்டிக்கொடுத்தது எங்க கொள்ளுத்தாத்தா. நான் அவர் வம்சம்."

நல்ல நடிப்பு என்று கூட்டம் கைதட்டியது.

திரை விழுந்ததும் போனை எடுத்துக்கொண்டு வந்தவனை பார்கவி மறித்தாள். "என்னடா உளறினே?"

"நிஜம்க்கா. அந்தத் தப்பை, தெரியாத ஊர்ச் சபையில சொல்லி, ஒரு பொம்பளை கையால அடி வாங்கணும். அதுவரைக்கும் எங்க வீட்டுப் பொணத்தை மத்தவங்களோட புதைக்க ஊர்ல விடமாட்டாங்க. தாத்தாவை ஓடைக்கரையில தனியாத்தான் போட்டோம். அப்பா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

போனில் யாரோ விசும்பும் சத்தம். அவன் தங்கை.

"ஊர்ப் பெரியவங்க எல்லாரும் போன்ல பார்த்தாங்கண்ணா. சம்மதிச்சுட்டாங்க, அப்பாவை ஊர் இடுகாட்டுக்கே தூக்கியாச்சு. அடிச்ச அந்த அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டேன்னு சொல்லு."