இரண்டு அடி

கடலுக்கு வந்த முப்பத்திரண்டாம் நாள், கரையிலிருந்து புதிதாய் வந்த படகு வயர்லெஸ்ஸில் கூப்பிட்டது. "லேய் கிளீட்டஸு, ஒனக்க பிள்ள நடந்துட்டாடே. ரெண்டு அடி வைக்காளாம், பொறவு விழுகாளாம்."

கிளீட்டஸ் அறுத்துக்கொண்டிருந்த சூரைமீனின் ஈரலை அப்படியே கடலில் எறிந்தான். ஈரலின் எண்ணெய் படர்ந்த இடத்துக்கு எங்கிருந்தோ கறுப்புப் பறவைகள் வந்து சேர்ந்தன, ஒவ்வொன்றும் குருவியளவுதான். சிறகை உயர்த்தி, மெல்லிய கால்களைத் தொங்கவிட்டுத் தண்ணீரின்மேல் நடந்தன. இரண்டு அடி, அலை தட்டி ஒரு தடுமாற்றம், மறுபடி இரண்டு அடி.

அவன் கத்தியை வைத்துவிட்டுப் படகின் விளிம்பில் குந்தி, இரு கைகளையும் நீட்டினான். "வா மக்களே, அப்பாட்ட வா."

வயர்லெஸ் சேதியைக் கேட்டுவிட்டு, அவனைச் சாப்பிடக் கூப்பிட வந்த சமையல்காரர் சூசை, கரண்டியோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவனை இடித்துக்கொண்டு குந்தினார்.

"தள்ளிக்கோடே. பிள்ள எங்கிட்டதான் வருது."