பழைய ஊர்ச் சம்பளம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வயிற்றெரிச்சலோடு ஒரு கதை சொல்கிறேன்.

ஏழைக் குடும்பங்களுக்கு உதவி வாங்கித் தரும் அலுவலகம் அது. அங்கே வேலை பார்க்கும் சமூகப் பணியாளர் ஒருத்தி, இயக்குநரின் மேசையில் ஒரு விண்ணப்பத்தை வைத்தாள்.

"அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும் சார். ஒரே அறை, அதுவும் ஒழுகுது. சம்பளத்துல முக்கால்வாசி வாடகைக்கே போயிடுது."

"அவ்வளவு குறைஞ்ச சம்பளமா?"

"சின்ன ஊர்ல இருந்து இங்க மாத்தினாங்க. சம்பளம் மட்டும் பழைய ஊர்க் கணக்குதான்."

இயக்குநருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இந்த ஊர் வாடகைக்கு அந்த ஊர்ச் சம்பளமா! கேட்டா என்ன சொல்றானாம் முதலாளி?"

"'சேவைன்னு நினைச்சுச் செய்யுங்கம்மா'ன்னு சொல்றார் சார்."

"சேவையா வந்து வாடகை கட்டும்? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும் அவனை. யாரும்மா அது?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள். விண்ணப்பித்தவர் பெயர் அவளுடையது. கூடவே இருந்த மாற்றல் உத்தரவில் இயக்குநரின் கையெழுத்து.

"நீங்கதான் சார்."

அவர் தண்ணீரைத் தேடினார்.

"உதவியெல்லாம் வேண்டாம் சார். சம்பளத்தை மாத்தி ஒரு கையெழுத்துப் போடுங்க. தண்ணி அப்புறம் குடிக்கலாம்."

உங்கள் வீட்டில் உழைக்கிற கைக்கு உரியது, கெஞ்சாமலே வந்து சேரட்டும், என் தங்கங்களா.