ஐந்தாவது பட்டை

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பாட்டில் மூடி செய்யும் ஒரு நிறுவனத்தின் நியாயமான விலை இன்னதென்று அன்று காலை உலகுக்கு வெளியிடப்பட்டது. உலகத்தின் சார்பில் ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் தேநீர் கொண்டுவந்தவர்.

திரையில் ஐந்து நீலப் பட்டைகள் குறுக்கே படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கணக்கு முறை. இந்த முறைப்படி பார்த்தால் நிறுவனம் குறைந்தது இவ்வளவு பெறும், கூடினால் இவ்வளவு என்று அர்த்தம். ஐந்தையும் வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. அதுதான் அண்ணன் கொடுக்கும் விலை.

வாங்குகிறவன் அண்ணன். விற்கிறவள் தங்கை. அப்பா ஆளுக்குப் பாதியாக விட்டுப்போன நிறுவனம். கணவனும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பாதிதான்.

“கோடு எல்லாப் பட்டையையும் தொட்டுக்கிட்டுப் போகுது பாருங்கம்மா. இதைவிட நியாயம் வேணும்னா வானத்துல இருந்துதான் இறங்கணும்” என்றார் தலைமை மதிப்பாளர். தொண்டையைச் செருமுவதற்கே தனிக் கட்டணம் வாங்கக்கூடிய மனிதர்.

தங்கை தலையாட்டினாள்.

மேசையின் கடைசியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த வரைபடக்காரன் அப்போதுதான் நிமிர்ந்து திரையைப் பார்த்தான்.

படம் அவன் போட்டது. அதிலிருந்த தப்பும் அவன் போட்டதுதான்.

கூட்டம் தொடங்குமுன் அதில் நான்கே பட்டைகள். அண்ணன் சொன்ன விலை நாற்பது கோடி. பட்டைகளோ அறுபதுக்கு மேல்தான் தொடங்கின. கோடு பஸ்ஸைத் தவறவிட்டவனைப் போல பட்டைகளுக்கு இடப்பக்கம் தனியாக நின்றது. தலைமை மதிப்பாளர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“நாலு பட்டை மொட்டையா இருக்குய்யா. வருங்கால வளர்ச்சின்னு இன்னொண்ணு சேரு. தாராளமாப் போடு, கற்பனைக்கு என்ன வரியா போடறாங்க?”

அவன் தாராளமாகவே போட்டான். ஐந்தாவது பட்டை எழுபதில் கிளம்பி நூற்றுத் தொண்ணூறில் போய் மூச்சு வாங்கியது. அதற்கு இடம் கொடுக்க, நூறோடு நின்றிருந்த அளவுகோலைக் கணினி விரிதாள் தானாகவே இருநூறு வரை நீட்டியது. பழைய பட்டைகள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்கின.

கோடு மட்டும் அசையவில்லை. பட்டைகள் கணக்கிலிருந்து முளைத்தவை. கோடு அப்படியல்ல, அவன் மவுஸால் கிழித்துப் படத்தின் மேல் ஒட்டியது. சுவர்ப் பல்லி மாதிரி அது இருந்த இடத்திலேயே இருக்க, பட்டைகள் அதன் அடியில் வந்து சேர்ந்துவிட்டன. நாற்பதில் நின்ற கோடு, நின்ற நிலையிலேயே எண்பதாகிவிட்டது.

“பாத்தியா, ஒரு பட்டை சேர்த்ததும் எல்லாம் எப்படி வழிக்கு வந்துடுச்சு!” என்று தலைமை மதிப்பாளர் அவன் முதுகில் தட்டினார். அனுபவத்தின் மகிமை என்று அவர் உண்மையிலேயே நம்பினார். அவனும் இருந்த அவசரத்தில் சிரித்துவைத்தான்.

இப்போது சுவர் அகலத் திரையில் பார்த்தபோதுதான் கோட்டின் காலடியில் இருந்த எண்பது அவன் கண்ணில் குத்தியது. மற்ற யாரும் கவனிக்கவில்லை. பட்டைகள் யானையளவு, எண்கள் எறும்பளவு. யானை வந்திருக்கும் இடத்தில் எறும்பை யார் விசாரிக்கிறார்கள்?

சொன்னால் வேலை போகும். அவனுடைய வாய் ஏற்கெனவே இரண்டு வேலைகளைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது. மனைவிக்கு இது நிறைமாதம். “இன்னைக்காவது வாயை வீட்டுலயே வச்சுட்டுப் போங்க” என்று சொல்லித்தான் சட்டையை எடுத்து நீட்டியிருந்தாள்.

சொல்லாவிட்டால் இந்த அம்மாள் தன் பாதியைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, போகிறபோது நன்றியும் சொல்லிவிட்டுப் போவாள்.

அண்ணன் நிம்மதியாக பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

தங்கை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். பெரிய மனிதர்களைக் கேட்கக் கூச்சப்பட்டவளைப் போல, கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

“கோடு நடுவுலதான் இருக்கு, இல்லையா தம்பி?”

தலைமை மதிப்பாளர் செருமினார். இது இலவசம்.

வரைபடக்காரன் வாயைத் திறந்தான். “இல்லம்மா” என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் வரவில்லை. கைதான் வந்தது. மவுஸால் கோட்டைப் பிடித்து இழுத்தான். அது ஒவ்வொரு பட்டையாக விட்டு விலகி, எல்லாவற்றுக்கும் வெளியே, நாற்பதின் மேல் போய் நின்றது.

பிஸ்கட் பாதி, தேநீருக்குள் விழுந்தது. தலைமை மதிப்பாளர் திரையை அணைக்கும் பொத்தானைத் தேடினார். அது எங்கே இருக்கிறதென்று அவருடைய இத்தனை வருட அனுபவத்தில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கோட்டுக்கும் முதல் பட்டைக்கும் நடுவில் கிடந்த வெள்ளை இடத்தையே தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை போனது போனதுதான் என்று தெரிந்ததும் அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க வேற யாரையாவது வச்சு…”

“போட்டுட்டேனேப்பா.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நேத்து அண்ணன் வீட்டுக்கே வந்துச்சு. நியாயமான விலைதான், நாளைக்குப் படத்துல பார்த்துக்கோன்னுச்சு.”

பங்குகள் முந்தின நாளே அண்ணன் பெயருக்கு மாறிவிட்டன. பாக்கி இருந்தது படம் மட்டும்தான்.