நிறுத்தினா நிக்கணும்

"நிறுத்தினா நிக்கணும். நாலு தட்டு தள்ளிப் போய் நிக்கிறதுக்கு என் பையன் என்ன லாரியா?"

பெரியவர் வயலினை மடியில் சாய்த்துக்கொண்டு கேட்டார். கம்ப்யூட்டர்காரர் மேசைக்கு அடியில் மண்டியிட்டு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அவர் சரியாத்தாங்க நிறுத்துறாரு. உங்க சத்தம் அங்க போய்ச் சேரணும், அவர் தபேலா இங்க வந்து சேரணும். அதுக்குப் பிடிக்கிற நேரம்தான் அந்த நாலு தட்டு."

"பாடம் கேக்கல தம்பி. சரி பண்ண முடியுமா, முடியாதா?"

பஸ் டிப்போவில் முப்பது வருஷம் பிரேக் பார்த்த மனிதர். நிற்காத எதையும் அவருக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் வேலை முடிந்தால் பாட்டுக் கச்சேரிகளில் வயலின் வாசிப்பார். பக்கத்தில் பத்து வயசுப் பையன் தபேலாவோடு உட்கார்ந்திருப்பான். பாட்டு நடுவில் அப்பன் சட்டென்று வில்லைத் தூக்குவார். அந்த நொடியே பையனின் கை அந்தரத்தில் நிற்கும். கூட்டம் விசிலடிக்கும்.

அந்தப் பையன் வெளிநாடு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போனில் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" என்றதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் வழியாகச் சேர்ந்து வாசிப்பதுதான் பேச்சு. அதற்காகவே பெரியவர் ஞாயிறன்று முகச்சவரம் செய்துகொள்வார்.

போன வாரம் பையன் சொல்லிவிட்டான். "நீங்க எனக்காகக் காத்திருக்கீங்க, நான் உங்களுக்காகக் காத்திருக்கேன். பாட்டு இழுத்துக்கிட்டே போகுது. வெறுப்பா இருக்குப்பா. விட்டுடலாமா?"

அதனால்தான் இந்தக் கம்ப்யூட்டர்காரர்.

அவர் முதலில் ஒயர் இல்லாத ஹெட்போனைக் கழற்றினார். "இதுலயே ரெண்டு தட்டு போகுதுங்க." ஒயர் வைத்ததை மாட்டினார். வைஃபையை நிறுத்தி, இன்டர்நெட்டுக்கும் ஒரு ஒயர் இழுத்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் சேத்து வச்சுத்தான் இது அனுப்பும். அந்தச் சேத்து வைக்கிற அளவைக் குறைச்சிருக்கேன். இன்னும் குறைச்சா சத்தம் பொரியும். இப்ப ஒரு தட்டுதான் தள்ளும்."

"அந்த ஒண்ணையும் எடு."

"முடியாதுங்க. தூரம்னு ஒண்ணு இருக்கே. அதை எந்த மெஷினாலயும் அழிக்க முடியாது."

"உனக்குத் தெரியலன்னு சொல்லு."

கோளாறில் கொஞ்சம் மிச்சம் வைத்தால்தானே மறுபடியும் கூப்பிடுவார்கள். இந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேரைப் பெரியவர் டிப்போவில் பார்த்திருக்கிறார்.

மறுநாளே மகன் போன் செய்தான்.

"நானே ஒரு புது சாஃப்ட்வேர் போட்டிருக்கேன்பா. இனிமே இழுக்காது. ஆனா கேமரா வேணாம், அது நேரத்தைத் தின்னும். நடுவுல நிறுத்துற விளையாட்டும் வேணாம், லைன் கட்டாயிடும். நேரா வாசிச்சுட்டுப் போங்க."

அடுத்த இரண்டு ஞாயிறும் தபேலா வில்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு மயிரிழை தள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் மகன் இரண்டு முறை இருமிவிட்டு, "அசத்திட்டீங்கப்பா, ஒரே ஆள் வாசிச்ச மாதிரி இருந்துச்சு" என்றான். பெரியவர் அன்று முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது ஞாயிறு, விட்டுப்போன தன் ஒயரை எடுக்கக் கம்ப்யூட்டர்காரர் வந்தார். பெரியவர் விடவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"உக்காரு தம்பி. கேட்டுட்டுப் போ. படிச்ச நீ முடியாதுன்ன, என் பையன் அங்க இருந்துக்கிட்டே முடிச்சுட்டான். நடுவுல நிறுத்தினா மட்டும் லைன் கட்டாயிடுமாம்."

"ஆரம்பிக்கலாமாப்பா?" என்றது ஸ்பீக்கர். தபேலா தொடங்கியது. பெரியவர் வில்லை ஓட்டினார்.

கம்ப்யூட்டர்காரர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு தலை ஆடுவது நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவைப் பார்த்தார்.

"ஒரு தட்டு இருக்கா?" வாசித்துக்கொண்டே பெரியவர் கேட்டார்.

"இல்லீங்க."

"பின்ன ஏன் இஞ்சி தின்ன மூஞ்சி?"

"ஒண்ணுமில்லீங்க. ரொம்ப நல்லா இருக்கு. நான் கெளம்புறேன்."

"இருய்யா. தூரம்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னியே, அதை எங்க வச்சிருக்கான்னு பாத்துட்டுப் போ. இப்ப நிறுத்துறேன், பாரு. உன் கண்ணு முன்னாடியே நிப்பான்."

"வேணாங்க ஐயா." கம்ப்யூட்டர்காரர் எழுந்தேவிட்டார். "உங்க பையன்தான் நிறுத்த வேணாம்னு சொன்னாரே. லைன் கட்டாயிடப் போகுது."

"ஆனா ஆகட்டும். மறுபடி போட்டுக்கலாம்."

பாட்டு நடுவில், பழைய கச்சேரி மேடையில் தூக்கியது போலவே, பெரியவர் சட்டென்று வில்லைத் தூக்கினார்.

தபேலா நாலு தட்டு போனது. எட்டு போனது. பெரியவர் தூக்கிய கையோடு நிற்க, மிச்சப் பாட்டு முழுவதையும் அது ஒரு பிசகும் இல்லாமல் தனியாக வாசித்து முடித்தது.

பிறகு மகன் இரண்டு முறை இருமினான். "அசத்திட்டீங்கப்பா, ஒரே ஆள் வாசிச்ச மாதிரி இருந்துச்சு."