பொறுப்புப் பட்டை

வேலையாளுக்கு அடிபட்டால் அதே வலி முதலாளிக்கும் போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் வந்தது. கட்டட கான்ட்ராக்டர் சென்னியப்பன், அந்த வலியைக் கடத்துவதற்காகத் தன் மணிக்கட்டில் கட்ட வேண்டிய பட்டையை வேலையாள் மாரப்பன் கையில் மாட்டிவிட்டு, "இன்னைக்கிருந்து நீதான்டா பாதுகாப்பு அதிகாரி" என்றார். அதன்பிறகு மேலே எவன் விரல் நசுங்கினாலும் கீழே நின்று அலறியது மாரப்பன்தான். ஆட்களுக்கு இடுப்பு பெல்ட் கேட்டால், "உனக்கு வலிக்குதுன்னு ஊருக்கே பெல்ட் வாங்கோணுமா?" என்று எரிந்து விழுவார்.

இன்று ஆள் பற்றவில்லை என்று அவனையே சாரத்தில் ஏற்றினார். பலகை புரண்டது. முறிந்தது ஒரு கால்தான். தன் வலி ஒன்று, பட்டை தந்த வலி ஒன்று என்று அது இரண்டாக வந்தது.

சென்னியப்பன் அவன் மேல் குனிந்தார். "பெல்ட் போடாம ஏறுனது அதிகாரியோட தப்புன்னுதான் எழுதுவேன், கேட்டுக்க."

"எழுதிக்கோங்க மொதலாளி" என்ற மாரப்பன், பட்டையைக் கழற்றி அவர் மணிக்கட்டில் பூட்டினான்.

சென்னியப்பன் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சாய்ந்தார். "கழட்டுடா! அய்யோ, கழட்டுடா!"

மாரப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, முறிந்த காலை மெல்ல அசைத்தான்.